கிள்ளான் கிளர்ச்சியும் தோட்டத்துக் கிராணியும்

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருள் பலருக்கு மன்னர்களும் மாளிகைகளும் போர்க்களங்களுமே நினைவுக்கு வருகின்றன. கரிகாலன் கல்லணை கட்டியதையும், இராசேந்திரன் கடாரங் கொண்டதையும் நம் பிள்ளைகள் பாராமல் ஒப்பிப்பர். நன்று. ஆனால் இந்நாட்டிலேயே, ரப்பர் மரங்களின் நடுவே, வாளியும் உளியும் ஏந்திய நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் 1941ஆம் ஆண்டில் ஓர் ஏகாதிபத்தியத்தின் முன் நிமிர்ந்து நின்றார்களே, அவ்வரலாற்றை ஒப்பிக்கக் கூடிய பிள்ளைகள் எத்தனை பேர்? பிள்ளைகள் கிடக்கட்டும், பெற்றோர் எத்தனை பேர்?

அவ்வாண்டு சிலாங்கூரில் நிகழ்ந்ததைக் ‘கலகம்’ என்றனர் துரைமார். ‘கூலி உயர்வுப் போராட்டம்’ என்பர் வேறு சிலர். முன்னது பொய், பின்னது பாதி உண்மை. மற்றப் பாதியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பாதியில் தோட்டத்துக் கிராணி என்னும் ஒருவனும் வருகின்றான். இதனை எழுதும் நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே யாதலின், நம் குலத்தின் குற்றத்தையும் மறைக்காது கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முன்கதை

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்தவர் கங்காணிமார். வந்தவர் தங்கியது லயன் வீடுகளில். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, நிரைக்குச் சென்று மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, களைத்துத் திரும்புவது அன்றாட வாழ்க்கை. அன்றைய கூலியைச் செக்ரோலில் எழுதுபவன் கிராணி. நோயென்றால் மருந்து கொடுப்பவன் டிரஸ்ஸர். இவர்கள் அனைவருக்கும் மேலே, குன்றின்மீதுள்ள பங்களாவில் வீற்றிருப்பவர் துரை.

கூலியின் கதையோ மரத்தின் பாலைப் போல் ஏறி இறங்குவது. 1928ஆம் ஆண்டில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று விதிக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்தவுடன் 1930இல் அது முறையே 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. பின்னர் அதனினும் கீழே இறங்கிற்று. வேலையில்லை யென்று பல்லாயிரவரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினர். ரப்பர் விலை வீழ்ந்தால் கூலி வீழ்வது உடனே நிகழும். விலை ஏறினால் கூலி ஏறுவதற்கோ ஆராய்ச்சி வேண்டும், கமிட்டி வேண்டும், பொறுமை வேண்டும்! இதுவே அன்றைய முதலாளித்துவத்தின் கணக்கு.

1936ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் வந்து பார்த்துச் சென்றார். அதே ஆண்டில் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றிற்று. 1937இல் ஜவாஹர்லால் நேரு வந்தார். 1938இல் தோட்ட முதலாளிகள் ஆணின் கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கத் துணிந்தபோது, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுக் குடியேறும் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. இத்தடையின் பொருள் ஈண்டு கவனிக்கத் தக்கது. அதுவரை, ‘நீ போனால் ஊரிலிருந்து வேறொருவன் வருவான்’ என்று சொல்லி அடக்க முடிந்தது. தடைக்குப் பின்னர் அச்சொல் செல்லாக்காசாயிற்று. இருக்கின்ற ஆளே ஆள் என்ற நிலைமை ஏற்பட்டது.

1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. அமெரிக்கா மலாயா ரப்பரை வாங்கிக் குவித்தது. அந்த டாலர் பிரிட்டனின் யுத்தச் செலவுக்கு உதவிற்று. ரப்பர் ஏறிற்று, அரிசி ஏறிற்று, துணி ஏறிற்று, கூலி மட்டும் ஏறவில்லை. பக்கத்தில் ஒப்பந்த வேலை செய்த சீனத் தொழிலாளர், 1937ஆம் ஆண்டிலேயே சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் வேலை நிறுத்தம் செய்து, தமிழரினும் கூடுதலாகவே பெற்று வந்தனர். ஒரே மரம், ஒரே பால். வெட்டும் கைக்கேற்ப விலை வேறு! இதனைக் கண்ணாற் கண்டு நின்ற தமிழனுக்கு எண்ணம் பிறவாதிருக்குமா?

எண்ணம் பிறப்பதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1929ஆம் ஆண்டு இறுதியில் ஈ.வெ.ராமசாமிப் பெரியார் மலாயாவுக்கு வந்து, மனிதனுக்கு மனிதன் தாழ்ந்தவனல்லன் என்று பறைசாற்றினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. 1935இல் ‘தமிழ் முரசு’ எழுந்தது. எழுத்தறியாதவரும், படிக்கத் தெரிந்த ஒருவரைச் சூழ்ந்து அமர்ந்து பத்திரிகை கேட்கும் காலம் வந்தது. காதில் விழுந்த சொல் கருத்தில் தங்கிற்று.

நாதன் என்னும் பத்திரிகையாளர்

கிள்ளான் வட்டாரத்தில் இந்தியத் தொழிலாளருக்கெனக் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் இயங்கத் தொடங்கிற்று. அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ பத்திரிகையின் துணையாசிரியர் அவர். தோட்டத்தில் மரம் வெட்டியவரல்லர். மேசையில் அமர்ந்து பேனா பிடித்தவர். இதனை வாசகர் மனத்தில் இருத்துக. பேனா பிடிக்கும் கை யாருக்கு உழைக்க வேண்டுமென்பது விதியன்று, அவரவர் தெரிவே என்பதற்கு நாதன் ஒருவரே போதிய சான்று.

1941ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கிள்ளான் சுற்றுப்புறத் தோட்டங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வேலை நிறுத்தங்கள் எழுந்தன. முதலிற் கேட்டது கூலியே. தோட்ட முதலாளிகளின் சங்கம் நாட்களைக் கடத்தி, இறுதியில் சிறு உயர்வு ஒன்றைக் கொடுத்தது. அதனோடு அடங்கிவிடும் என்று துரைமார் எண்ணினர். அடங்கவில்லை. ஏனெனில், தொழிலாளர் கேட்டவற்றுள் காசால் அளக்க முடியாதவை பல இருந்தன.

அவர்கள் கேட்டவை யாவை? சீனருக்கும் இந்தியருக்கும் சமக்கூலி வேண்டும். கொடுமை செய்யும் கிராணிமாரையும் பிற சிப்பந்திகளையும் நீக்கி, தமிழ் பேசுவோரை நியமிக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும். பெண்டிரின் மானத்திற்கு ஐரோப்பியராலும் ‘கறுப்பு ஐரோப்பியராலும்’ இழுக்கு நேராதிருக்க வேண்டும். சரியான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக் கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்து பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். குறையை எடுத்துச் சொன்னவரைப் பழிவாங்கலாகாது. சங்கம் அமைக்க அனுமதி வேண்டும். இவற்றுடன் இன்னொன்று: துரைக்கும் சிப்பந்திகளுக்கும் முன்னால் சைக்கிளில் ஏறியபடியே செல்லலாம் என்ற உரிமை வேண்டும்.

சைக்கிள்

நகரத்து வாசகர் சிலர் இக்கடைசிக் கோரிக்கையைக் கண்டு புன்னகை புரியலாம். சைக்கிளில் செல்வதற்கும் ஒரு கிளர்ச்சியா என்று வினவலாம். விஷயம் இதுதான். அக்காலத்துத் தோட்டச் சாலையில், தொழிலாளி ஒருவன் சைக்கிளில் வரும்போது எதிரே துரையோ சிப்பந்தியோ வந்தால், அவன் இறங்கி ஒதுங்கி, அவர் கடந்து சென்றபின் ஏற வேண்டும். இறங்காதவன் திமிர் பிடித்தவன். இது எச்சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம். எழுதப்படாததாலேயே அதனை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது.

தாய்நாட்டில் மேற்சாதியார் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துச் சென்றவனின் மகன், கடல் கடந்து வந்து, காசு காசாகச் சேர்த்து, ஒரு சைக்கிள் வாங்குகிறான். அவன் வாழ்நாளில் அவனுக்குச் சொந்தமான முதல் வண்டி அது. அதிலிருந்தும் இறங்கு என்றால், அவன் கடல் கடந்ததன் பயன் என்ன? காலிலிருந்த செருப்புக்குப் பதில் கைப்பிடியிலிருந்த சைக்கிள். இழிவு மட்டும் அதுவேயன்றோ! ஐந்து காசு கூட்டிக் கொடுத்தால் இவ்விழிவு நீங்குமா? ஆதலின்தான் முதற் சமாதானம் நிலைக்கவில்லை. காந்தி குல்லாய் அணிந்து வேலைக்குச் சென்றதையும், கள்ளுக்கடை வாசலில் நின்று குடியாதே என்று மறித்ததையும் இதே கண்கொண்டு நோக்க வேண்டும். பல தோட்டங்களில் சாதி பார்த்து ஒதுங்கி வாழ்ந்தோர் அன்று ஒரே வரிசையில் நின்றனர் என்பது சீர்திருத்தக்காரராகிய நமக்கு எல்லாவற்றினும் இனிக்கும் செய்தி.

மே மாதம்

மே மாதம் 5ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். கிளர்ச்சிக்காரன் ஒருவனைப் பிடித்துவிட்டால் கிளர்ச்சி ஓயும் என்பது அதிகாரிகளின் எண்ணம். நிகழ்ந்தது நேர்மாறு. அவரை விடுதலை செய்க என்று தோட்டந் தோட்டமாக வேலை நின்றது. கிள்ளானில் தொடங்கியது சிலாங்கூரின் பிற பகுதிகளுக்குப் பரவிற்று. நெகிரி செம்பிலானையும் தொட்டது. ஆயிரக்கணக்கானோர் உளியைக் கீழே வைத்தனர். மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பட்டாளம் வந்தது. அதில் நின்றவர் இந்தியச் சிப்பாய்கள்! இந்தியனைச் சுட இந்தியனையே அனுப்பிய அச்சாமர்த்தியத்தை என்னென்பது!

துப்பாக்கிப் பிரயோகத்தில் ஐவர் மாண்டனர். 300 பேருக்கு மேற்பட்டோர் கைதாயினர். பலர் நாடு கடத்தப்பட்டனர். பலர் ‘விருப்பத்தோடு’ ஊர் திரும்பினர் என்று எழுதிக்கொள்ளப்பட்டது. நாதனும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். மாத முடிவிற்குள் பெரட்டு மணி மீண்டும் அடித்தது, மரங்கள் வெட்டப்பட்டன. கவர்னரும் ஹை கமிஷனருமான சர் ஷென்டன் தாமஸின் ஆட்சி அமைதியை மீட்டதாகக் கருதிற்று.

இதில் ஒரு வேடிக்கையுண்டு. தொழிற்சங்கச் சட்டம் 1940ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. காகிதத்தில் உரிமை இருந்தது. அதன் பயனைத் தோட்டத் தொழிலாளி கண்ணால் காணுமுன் பட்டாளத்தைக் கண்டான். மற்றொரு வேடிக்கை, அவ்வமைதியின் ஆயுள். மே மாதத்தில் மீட்ட அமைதி டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கும் வரையில்தான் நீடித்தது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. சைக்கிளை விட்டு இறங்கு என்று சொன்ன துரைமார், பங்களாவையும் தோட்டத்தையும் விட்டு ஓடினர். அவர்களைத் துரத்தி வந்த ஜப்பானியப் படைவீரருள் பலர் வந்ததும் சைக்கிளிலேயே! காலத்தின் பரிகாசத்தை என்னென்று சொல்வது!

நம் குலத்தார்

இது நிற்க. கிராணியிடம் வருவோம்.

தொழிலாளர் தம் கோரிக்கைகளில் துரையை மட்டுமா குறித்தனர்? கிராணியையும் குறித்தனர். அன்றைய கிராணிமாரில் பலர் மலையாள நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆங்கிலக் கல்வியோடு வந்தவர்கள். தமிழ்நாட்டவரும் இருந்தனர். மொழி வேறாயிருந்த இடத்தில் மொழியே சுவராயிற்று. மொழி ஒன்றாயிருந்த இடத்தில் ஆங்கிலமும் சாதியும் உத்தியோகமும் சேர்ந்து வேறொரு சுவரை எழுப்பின. துரை ஏவ, கிராணி ஏச, கங்காணி அடிக்க, தொழிலாளி தாங்க என்று அமைந்திருந்தது அவ்வுலகம். ‘கறுப்பு ஐரோப்பியர்’ என்ற பெயர் யாரைச் சுட்டிற்று என்பதை விளக்க வேண்டுவதில்லை.

கிராணியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதனைக் கூறாது விடுவது முறையாகாது. அவனும் கூலிக்காரனே. துரையின் ஒரு சொல்லில் அவன் வேலை போகும்; வேலை போனால் வீடு போகும்; ஊரில் அவன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தங்கைமார் கலியாணம் போகும். துரையின் முன் அவனும் தொப்பியைக் கழற்றி நின்றவனே. ஆனால் நாம் கேட்பது ஒன்று. துரையின் முன் கூனிய முதுகு, காரியாலயத்து வாசலில் நின்ற தொழிலாளியின் முன் ஏன் நிமிர்ந்தது? தான் பட்ட அவமானத்தை அடுத்தவன் தலையில் இறக்கி வைத்தால் பாரம் குறையும் என்று எண்ணினானா? குறைந்ததா?

அக்கேள்விக்கு யுத்தகாலம் இன்னும் கொடிய விடை தந்தது. துரைமார் ஓடிய பின்னர்ப் பல தோட்டங்களைப் பார்த்துக்கொண்டவர் கிராணிமாரே. சயாம் – பர்மா ரயில்பாதைக்கு ஆள் வேண்டுமென்று ஜப்பானியர் தோட்டங்களைக் கேட்டபோது, பல இடங்களில் பெயர்ப் பட்டியல் காரியாலயத்திலேயே எழுதப்பட்டது. அப்பாதையில் நம் இனத்தவர் பல்லாயிரவர் காய்ச்சலிலும் கழிச்சலிலும் பசியிலும் மடிந்தனர். ஜப்பானியனின் துப்பாக்கிக்கு அஞ்சி எழுதியதே, மறுக்கவில்லை. எனினும் யார் பெயரை முதலில் எழுதுவது என்று துப்பாக்கி சொல்லவில்லை. 1941இல் இறங்க மறுத்தவன் பெயரை எழுதும்போது எந்தக் கிராணியின் பேனாவாவது பழைய கணக்கை நினைத்ததோ என்று எண்ணும்போது நம் நெஞ்சம் நடுங்குகின்றது.

யுத்தம் முடிந்தபின் தொழிற்சங்கங்கள் தழைத்தன. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தோட்டச் சிப்பந்திகள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக் கொண்டனர். ஒரே வேலியினுள் இரண்டு சங்கங்கள்! அச்சுவர் சட்டத்தாலும் இடியவில்லை என்பதற்கு இதுவே அடையாளம்.

இன்று

இன்று கிள்ளான் சுற்றுப்புறத்தின் அப்பழைய தோட்டங்களில் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயன் வீட்டுப் பிள்ளைகள் பட்டணம் சென்றுவிட்டனர். அவர்கள் விட்ட இடத்தில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் வேலை செய்கின்றனர். துரை என்னும் சொல் மறைந்து மேனேஜர் வந்தார். கிராணி மட்டும் மேசையோடு அங்கேயே இருக்கின்றான்.

சென்ற ஆண்டில் ஒரு நாள். மாதக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் நாம் இருந்தோம். வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் சம்பளச் சீட்டில் இரண்டு நாள் குறைகிறதென்று கேட்க வந்தார். ‘நில்’ என்றோம். நின்றார். தேநீர் குடித்தோம்; தொலைபேசியில் பேசினோம்; பின்னரும் கணக்கையே பார்த்தோம். ஒரு மணி நேரம் கழித்து ஏறிட்டுப் பார்த்தபோது, தொப்பியைக் கையில் பிடித்தபடி, வெயில் படும் படிக்கட்டில், அமரச் சொல்லாததால் அமராமல் நின்றுகொண்டிருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தோம். அவர் சொன்னதே சரி; பிழை நம்முடையது. திருத்திக் கொடுத்தோம். அவர் நமக்கு நன்றி கூறிச் சென்றார். நம் பிழைக்கு அவர் நன்றி!

அன்றிரவுதான் கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைகளை மறுபடியும் எடுத்து வாசித்தோம். முன்பு பலமுறை வாசித்து, நம் முன்னோரின் வீரமென்று பெருமிதம் கொண்ட பட்டியலே அது. அன்று வாசித்தபோது, அதில் நம்மைக் கேட்டவர் பக்கத்தில் காணவில்லை. கேட்கப்பட்டவர் பக்கத்தில் கண்டோம். நம்மைச் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்ல இன்று யாருமில்லை. நாம் பிறரை இறங்கச் சொல்கிறோமா என்பதே வினா.

1941ஆம் ஆண்டின் கிளர்ச்சி தோற்றது என்பர். தலைவரை இழந்தது, ஐவரை இழந்தது, மே மாத முடிவில் மண்டியிட்டது என்று கணக்குக் காட்டுவர். அக்கணக்கைச் செக்ரோலில் எழுதிப் பழகிய நாம் ஒப்ப மாட்டோம். கூலிக்கு மேலாக ஒன்று உண்டு என்றும், அது கேட்டுப் பெறத்தக்கது என்றும், எழுத்தறியாத மக்கள் எழுத்தறிந்தவர்க்கு அன்று சொல்லிக் கொடுத்தனர். பாடம் சொன்னவர் தோற்றவராகார். பாடத்தைக் கேட்டும் கற்காதவரே தோற்றவர்.

தமிழ்ப் பெருமக்களே! நகரத்தில் கடை வைத்திருப்போரே, காரியாலயத்தில் அமர்ந்திருப்போரே, இயந்திரச் சாலையில் மேற்பார்வை செய்வோரே! கிள்ளான் மாண்டோருக்கு நாம் கல் நாட்டலாம், விழா எடுக்கலாம், சொற்பொழிவும் ஆற்றலாம். அவை யாவும் பின்னர் ஆகட்டும். நம் வாசலில் வந்து நிற்பவர் எந்நாட்டவராயினும், எம்மொழியினராயினும், முதலில் ஒரு நாற்காலி இடுவோம். அவர் பெயரைக் கேட்டு, அப்பெயராலேயே அழைப்போம். சைக்கிளை விட்டு இறங்க மறுத்த நம் பாட்டன்மாருக்கு நாம் செலுத்தக் கூடிய மரியாதை அதனினும் பெரிது வேறில்லை.